தோரியம்: காலடியிலும் கல்லீரலிலும்

1930களில் மூளைக்கோ கைகாலுக்கோ ரத்தக்குழாய்ப் படம் எடுத்துக்கொண்ட ஒருவர், இருபது ஆண்டு கழித்து வயிற்றுவலி என்று எக்ஸ்ரே எடுக்கப் போகிறார். படத்தைப் பார்க்கும் மருத்துவர் கொஞ்சம் திடுக்கிடுவார். சாதாரண எக்ஸ்ரேயில் மண்ணீரல் அவ்வளவாகத் தெரியாது. இவருக்கோ இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாகத் துலங்குகிறது. கல்லீரலிலும் அப்படியே, அதை ஒட்டிய நிணநீர்க் கணுக்களிலும் அப்படியே. அன்று ஊசியில் ஏற்றிய மருந்து உடலைவிட்டுப் போகவே இல்லை. அதன் விற்பனைப் பெயர் தோரோட்ராஸ்ட். உள்ளே இருந்தது தோரியம் டை ஆக்சைடு, கதிர்வீசும் ஒரு கன உலோகத்தின் ஆக்சைடு.

ஹெய்டன் என்ற ஜெர்மன் நிறுவனம் 1920களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்த மருந்து அது. மிக நுண்ணிய தோரியத் துகள்கள் நீரில் மிதக்கும், நூற்றுக்கு 25 பங்கு அளவில். அணு எண் 90 கொண்ட உலோகம் என்பதால் எக்ஸ்ரே கதிரை நன்றாகத் தடுக்கும். ரத்தக்குழாய்கள் படத்தில் கிளை கிளையாகத் தெளிந்து தெரிந்தன. அக்காலத்து அயோடின் மருந்துகள் ஊசி போட்டதுமே நோயாளியைத் துடிக்கவைத்தன. இதில் வலியும் இல்லை, உடனடிக் கோளாறும் இல்லை. மூளை ரத்தக்குழாய்ப் படத்தின் முன்னோடியான லிஸ்பன் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1931இல் இதற்கு மாறினார். உலகம் முழுவதும் இருபது லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இது போடப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

தோரியம் கதிர்வீசும் பொருள் என்பது அன்றே தெரிந்த விஷயம். 1898இல் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் மேரி கியூரியும் தனித்தனியாக அதைக் கண்டறிந்துவிட்டார்கள். 1932இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு இதை ரத்தத்தில் ஏற்றுவது பற்றி எச்சரித்தது. எச்சரிக்கைக்குப் பிறகும் இருபது ஆண்டு ஓடியது அந்த மருந்து. ஊசி போட்ட அன்றைக்கு யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதுதான் காரணம்.

உடலில் புகும் அந்நியத் துகள்களைப் பொறுக்கி விழுங்குவதற்கென்றே கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் செல்கள் இருக்கின்றன. அவை தோரியத் துகள்களை விழுங்கின. கரைக்கவோ வெளியேற்றவோ அவற்றால் முடியவில்லை. ஏற்றியதில் பாதி வெளியேற நானூறு ஆண்டு ஆகும் என்பது கணக்கு. வழக்கமான அளவான 25 மில்லிலிட்டர் ஏற்றிக்கொண்டவரின் கல்லீரல் ஆண்டுக்குச் சுமார் 0.25 கிரே (திசு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) ஆல்ஃபா கதிர்வீச்சை வாங்கியது. அடுத்த ஆண்டும் அதே அளவு, அதற்கடுத்த ஆண்டும் அதே அளவு, சாகும்வரை.

கல்லீரல் புற்றை இதனோடு சேர்த்துச் சொன்ன முதல் மருத்துவ அறிக்கை 1947இல் வந்தது. பிறகு ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் ஆகிய நாடுகளில் பழைய மருத்துவமனை ஏடுகளைத் தோண்டி எடுத்து, ஊசி போட்டுக்கொண்டவர்களை ஒவ்வொருவராகத் தேடினார்கள். ஜெர்மன் ஆய்வில் மட்டும் 2,326 பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத 1,890 பேர். ஊசி போட்டவர்களில் கல்லீரல் புற்றுநோய் நூற்றுக்கணக்கில் வந்தது. மற்றவர்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்லீரலின் ரத்தக்குழாய்ச் சுவரில் தோன்றும் ஆஞ்சியோசர்கோமா, சாதாரணமாக ஒரு மருத்துவர் வாழ்நாளில் ஒன்று பார்த்தாலே அதிகம். இந்தக் கூட்டத்தில் அது அடிக்கடி வரும் நோயாக இருந்தது. ரத்தப் புற்றுநோயும் கல்லீரல் சுருக்க நோயும் சேர்ந்துகொண்டன. ஊசிக்கும் நோய்க்கும் நடுவே பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள்.

ஒரு உலோகம் மனித உடலுக்குள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அளவு தெரியும், தேதி தெரியும், பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஆனால் இந்தச் சான்றைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கடற்கரையில் வைத்தால் அது செல்லுமா? கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொல்லத்திலும் தோரியம் கலந்த கடற்கரை மணலைப் பற்றிய சண்டை இந்த இடத்தில்தான் தடம் புரள்கிறது என்பது என் கருத்து.

முதலில் உலோகத்தைப் பற்றிச் சிறிது. இயற்கைத் தோரியம் ஏறத்தாழ முழுக்கத் தோரியம்-232. அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு, பூமியின் வயதைப் போல மூன்று மடங்கு. அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் தோரியம் மட்டும் தனியே இருந்தால் அதன் கதிர்வீச்சு மந்தமானது. ஒரு கிராமில் நொடிக்குச் சுமார் 4,000 சிதைவு. ரேடியத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. தொல்லை அதன் வாரிசுகளிடம் இருக்கிறது. தோரியம் ரேடியம்-228 ஆகி, ஆக்டினியம், தோரியம்-228, ரேடியம்-224 வழியாக இறங்கி, தோரான் என்ற வாயுவாகிறது. பின் பொலோனியம், ஈயம், பிஸ்மத், தாலியம் என்று போய்க் கடைசியில் கதிர்வீசாத ஈயம்-208இல் நிற்கிறது. வழியில் ஆறு ஆல்ஃபா துகள்கள், நான்கு பீட்டா துகள்கள். தாலியம்-208 உமிழும் காமா கதிர் 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட். இயற்கையில் கிடைக்கும் காமா கதிர்களில் மிக ஊடுருவும் வகையைச் சேர்ந்தது.

ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும், தோலின் இறந்த மேல்படலமும் தடுத்துவிடும். உள்ளே புகுந்துவிட்டால் கதை வேறு. அருகிலுள்ள செல்லின் மரபணு இழையை இரண்டு பக்கமும் அறுக்கும் வலிமை அதற்கு உண்டு. அதே நேரம், வாய்வழி விழுங்கிய தோரியத்தில் குடல் உறிஞ்சுவது பத்தாயிரத்தில் ஐந்து பங்கு. மீதி மலத்தோடு போய்விடும். உறிஞ்சப்பட்ட சொற்பத்தில் பெரும்பங்கு எலும்பில் ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் தங்கும். மூச்சில் போன ஆக்சைடுத் தூசு நுரையீரலில் நெடுநாள் கிடக்கும். யுரேனியம் சிறுநீரகத்தைக் கெடுப்பதைப் போன்ற ரசாயன நஞ்சுத்தன்மை இதற்குப் பெரிதாக இல்லை. ஆகவே காலடியில், வயிற்றில், நுரையீரலில், ரத்தத்தில் என்று இடம் மாற மாற ஆபத்தின் அளவு ஆயிரம் மடங்குக் கணக்கில் மாறுகிறது. தோரியம் ஆபத்தானதா என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

நம் கடற்கரை இந்தக் கதைக்குள் வந்தது விளக்குத் திரி வழியாக. ஆஸ்திரியரான கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்ற கலவையில் வாயு விளக்குக்கான மேண்டிலைச் செய்தார். ஐரோப்பிய நகரங்களின் தெருக்கள் வெளிச்சமாயின. தோரியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டு, அது வந்த வழியைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே மணலைப் பிரிக்கும் ஆலையும் எழுந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஆலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1946–47இல் திருவிதாங்கூரைத் தனி நாடாக்கப் பார்த்த திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் கையில் இந்த மணல் ஒரு பேரப் பொருள். 1950இல் இந்திய அரிய மண் நிறுவனம் உருவானது. மணவாளக்குறிச்சி, சவறா ஆலைகள் பிறகு அதன் வசம் வந்தன.

(தோரியத்தின் மீது உலகத்துக்கு ஒரு காலத்தில் மோகமே இருந்தது. பெர்லினில் டோராமாட் என்ற பெயரில் தோரியம் கலந்த பற்பசை விற்றது. ஈறு உறுதிப்படும் என்று விளம்பரம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் நேச நாடுகளின் அறிவியல் உளவு அணி, ஒரு ஜெர்மன் நிறுவனம் பிரான்சிலிருந்து தோரியத்தை அள்ளிப் போயிருப்பதைக் கண்டு அணுகுண்டோ என்று பதறியது. துருவிப் பார்த்தால், போர் முடிந்ததும் பற்பசை வியாபாரத்தைப் பெருக்கச் சேர்த்துவைத்த சரக்கு.)

முட்டம் தொடங்கி மணவாளக்குறிச்சி வரை கரையில் நடந்தால் அலை ஒதுக்கிய கறுப்புப் பட்டைகள் தெரியும். கறுப்பாக மின்னுவது பெரும்பாலும் இல்மனைட். சிவப்புச் சாயல் கார்னெட். மோனசைட் அந்தக் கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் தேன் நிறச் சிறு மணி, அளவில் கொஞ்சம்தான். நம் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு எட்டு முதல் பத்து விழுக்காடு, யுரேனியம் கால் விழுக்காட்டுக்குச் சற்று மேல். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறையை அரித்து ஆறுகள் கொண்டுவந்து கொட்ட, கனமான மணிகளை அலை கரையில் பிரித்துச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. ஆலை வருவதற்கு முன்பும் கதிர்வீச்சு அங்கே இருந்தது.

இருந்தும் மக்களுக்கு ஏதாவது ஆனதா? அதைப் பார்க்கக் கொல்லம் மாவட்டத்தின் கருநாகப்பள்ளித் தாலுக்காவைவிட நல்ல இடம் உலகில் குறைவு. அங்கே வெளிப்புறக் கதிர்வீச்சு சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிகிரே. சில இடங்களில் 70 வரை போகிறது. உலகின் மற்ற பகுதிகளில் நிலத்திலிருந்து மட்டும் வரும் கதிர்வீச்சு அரை மில்லிகிரே அளவு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990 முதல் தாலுக்காவின் ஏறத்தாழ 3.85 லட்சம் மக்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தது. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் கருவி வைத்து அளந்தார்கள். பீடி, வெற்றிலை, தொழில், படிப்பு எல்லாம் கேட்டு எழுதினார்கள். அவர்களில் 30 முதல் 84 வயதுவரையிலான 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 1,379 புற்றுநோய்கள், அவற்றில் ரத்தப் புற்று 30. கதிர்வீச்சு கூடக்கூட நோய் கூடியதாகத் தெரியவில்லை. வாழ்நாளில் 500 மில்லிகிரேக்கு மேல் வாங்கியவர்களிடமும் தெரியவில்லை.

இதற்கு எதிர்க்குரல்களும் உண்டு. 1976இல் டெல்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த கொச்சுப்பிள்ளையும் சகாக்களும் இந்தக் கரையில் டவுன் நோய்க்குறி அதிகம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தாயின் வயதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்பீட்டுக் கிராமங்களில் தேடியது போதாது என்று விமர்சனம் வந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1995 முதல் கொல்லம் மாவட்ட மருத்துவமனைகளில் பிறந்த 1.4 லட்சம் குழந்தைகளைப் பார்த்து, பிறவிக் குறைகளில் வித்தியாசம் இல்லை என்றது. 2002இல் ஃபார்ஸ்டர் குழுவினர் இந்தக் கரைக் குடும்பங்களில் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா மரபிழையில் மாற்றங்கள் கூடுதல் என்று காட்டினார்கள். மரபிழையில் மாற்றம் என்றால் நோய் என்று ஆகிவிடாது. அதைப் புறந்தள்ளவும் முடியாது.

கருநாகப்பள்ளி ஆய்வை நான் மதிக்கிறேன். இவ்வளவு மக்களை இவ்வளவு பொறுமையாக நம் நாட்டில் பின்தொடர்ந்த ஆய்வுகள் குறைவு. ஆனால் அதைக் காட்டி “பார்த்தீர்களா, பாதிப்பு பூஜ்யம்” என்று அதிகாரிகள் பேசும்போது எரிச்சல் வருகிறது. ஆய்வு சொன்ன எண் இது: ஒரு கிரேக்குப் புற்றுநோய் அபாயம் கூடுவது மைனஸ் 0.13; ஆனால் உண்மை மைனஸ் 0.58க்கும் பிளஸ் 0.46க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களிடம் கிடைத்த எண் சுமார் அரை. பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்க அணு ஆலைத் தொழிலாளர்கள் மூன்று லட்சம் பேரிடம் 2023இல் கிடைத்ததும் 0.52. அதாவது கேரள ஆய்வின் மேல் எல்லை அந்த எண்களின் பக்கத்தில் போய் முட்டி நிற்கிறது. பேரழிவு இல்லை என்பதை அந்த ஆய்வு நிச்சயமாகக் காட்டிவிட்டது. சிறு பாதிப்பு இல்லை என்று காட்டும் வலு அதற்குக் கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே அளந்தது வெளியிலிருந்து உடலைத் துளைக்கும் காமா கதிரை. தோரான் வாயுவையோ மூச்சில் போகும் தூசையோ அந்தக் கணக்கு சேர்க்கவில்லை. தோரானின் அரை ஆயுள் 56 நொடிகூட முழுதாக இல்லை. அதன் உறவான ரேடான் வாயு நாலு நாள் தாங்கும். தரைக்கு அடியிலிருந்து வீட்டுக்குள் ஊர்ந்து வந்துவிடும். தோரானுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. சுவர் பூச்சிலோ மண் தரையிலோ மோனசைட் இருந்தால் சுவரை ஒட்டிய ஒரு சாணுக்குள்தான் அதன் ஆட்டம். சுவரோரம் பாய் போட்டுப் படுப்பவருக்கும் நடுக்கூடத்தில் கட்டிலில் படுப்பவருக்கும் அளவு வேறு. அந்த வாயு சிதைந்து உண்டாகும் ஈயம்-212 பத்தரை மணி நேரம் அரை ஆயுள் கொண்டது. அறை முழுதும் பரவும். ரேடானுக்காகச் செய்த சாதாரணக் கருவி இரண்டையும் குழப்பிக்கொள்ளும் என்பதால் அளப்பதும் சிக்கல்.

விசித்திரம் என்னவென்றால், தோரோட்ராஸ்ட் ஏற்றிய நோயாளிகள் வாழ்நாள் முழுக்கத் தோரானை மூச்சில் வெளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள், அப்படியும் அவர்களுக்கு நுரையீரல் புற்று குறிப்பிடும்படி கூடவில்லை. வாயு வந்தவுடன் வெளியேறிவிட்டது. துகள் தங்கிய இடத்தில்தான் நோய். தோரியம் விஷயத்தில் தங்குவதும் தங்காததுமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

அப்படியானால் கவலைப்பட வேண்டிய இடம் தூசு பறக்கும் இடம். மணலை உலர்த்தி, காந்தத்திலும் உயர் மின்னழுத்த உருளையிலும் போட்டு இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் என்று பிரிக்கும்போது, கரையில் சிதறிக் கிடந்தது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செறிவாக ஒரே குவியலில் சேர்கிறது. அந்தக் கூடத்தில் வேலை செய்பவரின் மூக்கு, கரையில் வலை பின்னுபவரின் காலைப் போன்றதல்ல. சீனத்தின் பயான் ஓபோ சுரங்கத்தில், தோரியம் கலந்த தூசை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுச் சாவுகள் மற்றவர்களைவிட அதிகம். தூசில் சிலிகாவும் இருந்தது, பலர் புகைபிடித்தார்கள். பங்கைப் பிரித்துச் சொல்வது கடினம். அமெரிக்காவின் மேற்கு சிக்காகோவில் லிண்ட்சே ஆலைத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்விலும் அதே குழப்பம். அங்கே தோரியக் கழிவு மண்ணை ஊர்க்காரர்கள் தோட்டத்துக்கும் வீட்டுமனைக்கும் நிரப்ப எடுத்துப் போனார்கள். பின்னர் வீடு வீடாகத் தோண்டி அள்ள வேண்டிவந்தது.

பிரித்த மோனசைட்டைக் காரத்தில் வேகவைத்து அரிய மண் உலோகங்களை எடுக்கும் ரசாயனக் கட்டம் இன்னும் சிக்கல். தோரியம் ஹைட்ராக்சைடு ஒரு பக்கம் பிரிகிறது, ரேடியம்-228 வேறொரு கழிவுக் கட்டியில் போய்ச் சேர்கிறது. அதன் அரை ஆயுள் ஐந்தேமுக்கால் ஆண்டு; தோரியத்தைவிடப் பல மடங்கு வீரியம். நாம் இதை முன்பு ஆலுவாயில் செய்தோம்; இப்போது ஒடிசாவின் சத்ரபூரில் செய்கிறோம். மணவாளக்குறிச்சியில் நடப்பது மணல் பிரிப்பு மட்டும். சத்தமில்லாமல் கழிவைக் கையாண்டால் என்ன ஆகும் என்பதை மலேசியத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள்.

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா. ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பதப்படுத்த, ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்தின் பங்கோடு ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982இல் ஓடத் தொடங்கியது. தோரியக் கழிவு ஆலையின் பின்புறத்தில் திறந்த குழிகளில் கிடந்தது. 1985இல் மக்கள் நீதிமன்றம் போனார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் அவர்களுக்காக வாதாடினார். 1987இல் எதிர்ப்புக் குழுவினர் சிலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. வழக்கில் வென்ற நிறுவனம் 1994இல் தானாகவே ஆலையை மூடியது. 11,000 பேர் கொண்ட ஊரில் சில ஆண்டுகளுக்குள் எட்டுப் பேருக்கு ரத்தப் புற்று வந்தது என்பது ஊராரின் கணக்கு. ஆலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றது நிறுவனம். எட்டு என்பது புள்ளியியலுக்குச் சிறிய எண். அந்த அளவுள்ள ஊரில் அது தற்செயலாகவும் வரலாம் என்று ஒரு நிபுணர் சாட்சி சொல்லிவிட்டுப் போகலாம். ஊருக்கு முன்கூட்டியே மருத்துவக் கணக்கு எடுத்துவைத்திருந்தால் இந்த வாக்குவாதத்துக்கே இடமிருந்திருக்காது. ஆலைக் கழிவைச் சுத்தம் செய்ய மட்டும் பத்துக் கோடி டாலர் செலவானது.

இப்போது குமரிக்கு வருவோம். கிள்ளியூர் தாலுக்காவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ மக்கள் எதிர்க்கிறார்கள். கூட்டங்களில் இரண்டு பக்கமும் இடம் மாறிய சான்றுகள்தான் பறக்கின்றன. எதிர்ப்பவர்களில் சிலர் தோரியத்தைத் தொட்டாலே புற்று என்பதுபோலப் பேசுகிறார்கள். தலைமுறைகளாக அந்த மணலில் உட்கார்ந்து வலை பழுதுபார்த்த மக்களிடம் சொல்லக் கூடிய பேச்சு அல்ல இது. வீணாகப் பயம் கூடும். ஊரில் பெண் எடுக்க யோசிக்கிறார்கள் என்ற நிலைக்குக்கூடக் கொண்டுபோய் விடும். ஆதரிப்பவர்கள் கருநாகப்பள்ளியைக் காட்டுகிறார்கள். அது இயற்கையாகக் கிடந்த மணல் மேல் வாழ்ந்தவர்களைப் பற்றிய ஆய்வு. மணலை அள்ளி, உலர்த்தி, பிரித்து, லாரியில் ஏற்றும் வேலைக்கு அதில் நற்சான்று கிடையாது. மோனசைட்டை எடுத்துவிட்டால் கரையின் கதிர்வீச்சு குறையும் என்ற வாதம் கணக்கில் சரி. குறைந்த கதிர்வீச்சு எங்கே போய்க் குவிகிறது, அங்கே யார் நிற்கிறார்கள் என்பதை அதே மூச்சில் சொல்ல வேண்டும். கரை அரிப்பு, மீன்பிடி, குடியிருப்பு ஆகியவை திட்டத்தை எதிர்க்கப் போதுமான காரணங்களாக எனக்குப் படுகின்றன; கதிர்வீச்சைப் பெரிதுபடுத்தித்தான் வாதத்துக்கு வலு சேர்க்க வேண்டும் என்பதில்லை.

கேட்டு வாங்க வேண்டியவை வேறு. அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்தும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டில் குமரிக் கடலோரக் கிராமங்களின் எண்ணிக்கை இருக்கும். அதை ஊர்வாரியாகப் பிரித்து, வீட்டுக்குள் அளந்த கதிர்வீச்சோடும் தோரானோடும் புகையிலைப் பழக்கத்தோடும் சேர்த்து வைத்தால் குமரிக்கும் ஒரு கருநாகப்பள்ளி கிடைக்கும். ஆலைத் தொழிலாளர்களுக்கு, ஒப்பந்தக் கூலிகள் உட்பட, மூச்சில் தோரான் எவ்வளவு, நெஞ்சில் தூசு எவ்வளவு என்ற அளவு பணி ஓய்வுக்குப் பிறகும் தொடர வேண்டும். தோரோட்ராஸ்ட் கற்றுத்தந்த இருபது, முப்பது ஆண்டு இடைவெளியை வைத்துப் பார்த்தால், வேலையில் இருக்கும்போது மட்டும் எடுக்கும் பரிசோதனையால் பயன் குறைவு. சட்டப்படி தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு ஆலையால் கூடுவது 1 மில்லிசீவர்ட் என்று எல்லை இருக்கிறது. எல்லைக்குள் இருக்கிறோம் என்ற ஒற்றை வரி போதாது. அளவுகளை ஊர் நூலகத்தில் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

யாரும் கூட்டம் போடாத இன்னொரு இடத்திலும் தோரியம் இருக்கிறது. ஆர்கான் வெல்டிங் பட்டறையில் டங்ஸ்டன் ராடின் நுனியில் சிவப்பு வண்ணம் பூசியிருந்தால் அதில் இரண்டு விழுக்காடு தோரியம் ஆக்சைடு. வில் சுடர் சட்டென்று பற்றிக்கொள்ளவும் நிலைத்து எரியவும் அது உதவுகிறது. வெல்டிங் செய்யும்போது வெளியேறுவது மிகக் கொஞ்சம். நுனி மழுங்கியதும் பையன் ராடைக் கிரைண்டர் கல்லில் வைத்துச் சீவுகிறானே, அப்போது பறக்கும் சாம்பல் நிறப் பொடிதான் கவனிக்க வேண்டியது. முகமூடி இல்லாமல், கல்லுக்கு மேல் குனிந்து, நாளைக்குப் பல தடவை சீவுவான். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. பொடி பெஞ்சிலும் தரையிலும் சேர்கிறது. மாலையில் பெருக்கும்போது மறுபடி எழும்புகிறது. அதே கையால் டீயும் வடையும். தோரியம் இல்லாத ராடுகள் கடையிலேயே கிடைக்கின்றன: லாந்தனம் கலந்தது பொன் நிறத்திலோ நீலத்திலோ, சீரியம் கலந்தது சாம்பல் நிறத்தில். பெரும்பாலான வேலைகளுக்கு அவை சிவப்பு ராடுக்கு ஈடாக நிற்கின்றன. இருக்கும் சிவப்பு ராடுகள் தீரும்வரை கிரைண்டரில் தூசு உறிஞ்சியைப் பொருத்தி, முகமூடி போட்டு, பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.